களைத்த காலுக்குக் கணக்கு தவறும்



நடவு, களையெடுப்பு, செங்கல் சூளை, கட்டட வேலை, தண்ணீர் சுமப்பது, விறகு சுமப்பது என்று உடம்பை வருத்திப் பிழைக்கும் குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்.

"காலையில இருந்து பத்து நடை போய்ட்டு வந்தேன், ஒண்ணும் ஆகல. கடைசி நடையிலதான் கால் பிசகி விழுந்துட்டேன்."

விழுந்தவருக்குக் கிடைக்கும் பதில் என்ன? "பார்த்து நடக்கக் கூடாதா? புத்தி எங்கே போச்சு?" என்று வீட்டில் ஒரு பாட்டு. "யார் கண்ணு பட்டதோ" என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு. விழுந்தவரே கூட, தன்னுடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்.

பல சமயங்களில் இந்த மூன்றுமே சரியல்ல. களைத்துப்போன தசை தன் பலத்தை மட்டும் இழப்பதில்லை. நம் கை, கால் எந்த இடத்தில், எந்த மடிப்பில் இருக்கின்றன என்ற கணக்கும் அப்போது பிசகுகிறது. இந்த உண்மை தெரிந்தால் பல சுளுக்குகளையும், சில எலும்பு முறிவுகளையும் தடுக்கலாம். அதை விளக்குவதே இந்தச் சிறு பிரசுரத்தின் நோக்கம்.

கண்ணை மூடினாலும் தெரியும் அறிவு

பார்வை, கேள்வி, மணம், சுவை, தொடுகை என்று ஐந்து புலன்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். இவற்றோடு சேராத இன்னொரு புலனும் நமக்கு உண்டு.

இருட்டில் படுத்திருக்கிறீர்கள். முழங்கால் மடங்கியிருக்கிறதா, நீட்டியிருக்கிறதா என்று யாராவது கேட்டால் தொட்டுப் பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியை விரலால் தொட முடிகிறது. தலையில் குடத்தை வைத்துக்கொண்டு காலைப் பார்க்காமலே படி ஏற முடிகிறது. ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போய்க்கொண்டே இருப்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது. இதை மூட்டு நிலை உணர்வு என்று சொல்லலாம்.

உடம்பு தன்னைத் தானே அறியும் இந்த உணர்வுக்கு ஆங்கிலேய மருத்துவ அறிஞர் ஷெரிங்டன் 1906-ஆம் ஆண்டில் ஒரு தனிப் பெயர் சூட்டினார். நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த உணர்வு இல்லாமல் போனால் என்ன ஆகும்? 1971-இல் பிரிட்டனைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவருக்கு, காய்ச்சல் நோய் ஒன்றுக்குப் பிறகு, கழுத்துக்குக் கீழே இந்தச் செய்தியைக் கொண்டு செல்லும் நரம்புகள் கெட்டுவிட்டன. தசைகளில் பலம் இருந்தது, பக்கவாதமும் இல்லை. ஆனாலும் அவரால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கை கால்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தக் கற்றுக்கொள்ள அவருக்கு நெடுங்காலம் ஆயிற்று. அதன் பிறகும் விளக்கு அணைந்துவிட்டால் கீழே சாய்ந்துவிடுவார். நாம் கவனிக்காமலே நமக்காக உழைக்கும் இந்த உணர்வின் அருமை இதிலிருந்து விளங்கும்.

செய்தி எங்கிருந்து புறப்படுகிறது?

மூட்டுக்குள் ஏதோ இருந்துகொண்டு செய்தி அனுப்புகிறது என்றுதான் மருத்துவர்கள் பலர் முன்பு எண்ணியிருந்தார்கள். முக்கியமான செய்தி மூட்டிலிருந்து அல்ல, மூட்டை இயக்கும் தசையிலிருந்து போகிறது என்பது 1972-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையால் தெளிவாயிற்று. கண்களைக் கட்டிவிட்டு, முழங்கையை மடக்கும் தசையின் நாண் மீது ஓர் அதிர்வுக் கருவியை வைத்தார்கள். உண்மையில் இருந்த நிலையை விடக் கை அதிகம் நீண்டிருப்பதாகவே அந்த நபர் உணர்ந்தார். அதிர்வு கொடுத்தது தசைக்கு, ஏமாந்தது மூளை.

தசைக்குள் மிக நுண்ணிய உணர் உறுப்புகள் புதைந்திருக்கின்றன. ராட்டையின் கதிரைப் போல நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கியிருப்பதால் அவற்றுக்குத் தசைக் கதிர்கள் என்று பெயர். ஒன்றின் நீளம் சில மில்லிமீட்டர்தான். தசை நீளும்போது இவையும் நீளும். உடனே எவ்வளவு நீண்டது, எவ்வளவு வேகத்தில் நீண்டது என்ற செய்தி நரம்பு வழியாகப் போகும். தசை எலும்போடு சேரும் நாணில் வேறு வகை உறுப்புகள் இருக்கின்றன. அவை இழுவையின் அளவைச் சொல்லும். தோலும் இழுபட்டுத் தன் பங்குக்குச் செய்தி தரும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து, "முழங்கால் இவ்வளவு மடங்கியிருக்கிறது, பாதம் இங்கே இருக்கிறது" என்று மூளை கணக்குப் போடுகிறது.

களைத்துப் போனால் என்ன நடக்கிறது?

மேலே சொன்ன கணக்கில் இன்னொரு புள்ளியும் சேர்கிறது. ஒரு கையைத் தூக்கிப் பிடித்திருக்கத் தான் எவ்வளவு முயற்சி செலவிடுகிறோம் என்பதையும் மூளை கவனிக்கிறது.

இதை நீங்கள் தினமும் அனுபவிக்கிறீர்கள். காலையில் தூக்கிய அதே குடம் சாயங்காலம் கனக்கிறது. "என்னடி இது, கல்லு மாதிரி இருக்கு" என்கிறோம். குடத்தில் தண்ணீர் கூடவில்லை. தசை களைத்திருப்பதால், அதே வேலையைச் செய்ய மூளை அதிக முயற்சியை ஏவ வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் முயற்சியைத்தான் நாம் கனமாக உணர்கிறோம்.

குடத்தின் கனத்தைத் தப்பாக எடைபோடும் அதே மூளை, காலின் நிலையையும் தப்பாக எடைபோடுகிறது. களைப்பில் தசைக் கதிர்கள் கெட்டுப்போய்விடுவதில்லை. வந்து சேரும் செய்தியும், செலவிடும் முயற்சியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதால் மூளையின் கணக்கு குழம்புகிறது என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

இதைப் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கடுமையாக ஓடிக் களைத்த பிறகு, முழங்கால் எந்த நிலையில் இருந்தது என்பதைத் திரும்பக் காட்டுவதில் பிழை கூடியது. அவர்கள் நல்ல உடற்கட்டும் பயிற்சியும் உள்ள இளைஞர்கள்! 2004-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், முழங்கையை மடக்கும் தசைகளைக் களைக்கச் செய்தார்கள். அதன் பிறகு, ஒரு கை இருக்கும் நிலையில் மறு கையை இணையாக வைக்கச் சொன்னபோது பிழை தென்பட்டது. ஆகவே இது சோம்பேறித்தனமும் அல்ல, பலவீனர்களுக்கு மட்டும் வருவதும் அல்ல. உழைக்கும் எந்த உடம்புக்கும் வரும்.

இரண்டு சென்டிமீட்டர் போதும்

"கொஞ்சம் கணக்கு தவறினால் என்ன பெரிசா ஆகிவிடப் போகிறது?" என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

முழங்காலிலிருந்து பாதம் வரை 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு வட்டம் 360 பாகை. அதில் வெறும் 3 பாகை அளவுக்கு முழங்காலின் மடிப்பை மூளை தப்பாகக் கணித்தால், பாதம் நினைத்த இடத்திலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்.

சமதளத்தில் நடக்கும்போது, முன்னே வீசும் காலின் விரல் நுனி தரையிலிருந்து ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்தான் கடந்து போகிறது. அவ்வளவு சிக்கனமாகத்தான் உடம்பு காலைத் தூக்குகிறது. அங்கே 2 சென்டிமீட்டர் தவறினால் கல்லிலோ, படியின் விளிம்பிலோ விரல் இடிக்கும். வரப்பின் நடுவில் வைக்க வேண்டிய பாதம் ஓரத்தில் விழும். ஓரம் சரிந்ததும் கணுக்கால் உள்பக்கமாக மடங்கும். இதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடிக்கும் குறைவு. மூளைக்குச் செய்தி போய், தசை இறுகி, காலை நிமிர்த்துவதற்குள் சுளுக்கு விழுந்துவிடுகிறது. களைத்த தசை இறுகுவதற்கும் தாமதம், தாங்குவதற்கும் பலம் குறைவு.

கடைசி நடையில் ஏன்?

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று காவலர்கள் இருக்கிறார்கள். ஒன்று கண். இரண்டாவது, காதின் உட்புறம் இருக்கும் சமநிலை உறுப்பு. மூன்றாவது, இதுவரை சொல்லிவந்த தசை, மூட்டு உணர்வு. ஒரு காவலர் அசந்தாலும் மற்ற இருவர் சமாளித்துவிடுவார்கள். நடுப்பகலில் களைப்போடு நடந்தும் விழாமல் வீடு சேர்வதற்கு இதுவே காரணம், கண் பார்த்துக்கொள்கிறது.

சாயங்காலம் என்ன ஆகிறது, பாருங்கள். நாள் முழுக்க உழைத்ததால் தசை உணர்வு அசந்துவிட்டது. பொழுது சாய்ந்ததால் கண்ணுக்கும் பாதி வேலைதான். தலையில் புல்லுக்கட்டோ குடமோ இருந்தால், குனிந்து காலடியைப் பார்க்கவும் முடியாது. இடுப்பில் பிள்ளை இருந்தால் பாதை பாதி மறைந்துவிடும். மூன்று காவலர்களில் இருவர் இல்லை. அந்த நேரத்தில் ஒரு வழுக்கல் வரப்பு, ஒரு தளர்ந்த கல். அவ்வளவுதான்.

அவர் அஜாக்கிரதையாக நடந்தார் என்று சொல்வது எளிது. அவர் முழுக் கவனத்தோடுதான் நடந்தார். ஆனால் அவருக்குக் கிடைத்த செய்தி தப்பு.

ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முழங்கால்

பழனி, சதுரகிரி போன்ற மலைகளுக்குப் போய்வந்தவர்களுக்கு இது தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது மூச்சு சுகமாக இருக்கும். ஆனால் முழங்கால் கிடுகிடுவென ஆடும். படிகளில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள்.

இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை, உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. இப்படிப் பாரத்தோடு நீளும் வேலை, பழக்கமில்லாத தசையின் நார்களைச் சற்றுச் சிதைக்கிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையைத் தொட்டாலே வலிப்பது இதனால்தான். சாதாரணக் களைப்பு சிறிது நேர ஓய்வில் பெரும்பாலும் தெளிந்துவிடும். இந்தச் சிதைவினால் வந்த பலக்குறைவும் நிலை உணர்வின் பிழையும் சில நாட்கள் நீடிக்கக்கூடும்.

ஆகவே, பல மாதங்களுக்குப் பிறகு நடவுக்கு இறங்கும் முதல் வாரம், சாரத்தில் ஏறி இறங்கும் புதுச் சித்தாளின் முதல் வாரம், மரமேறுவோருக்குப் பருவத்தின் முதல் நாட்கள் ஆகியவை விசேஷ எச்சரிக்கைக்கு உரியவை. "நேத்து வலி இன்னும் போகல" என்றால், நேற்றைய பிழையும் இன்னும் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாற்காலியிலோ திண்ணையிலோ உட்கார்ந்து கண்களை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் அவருடைய இடது முழங்கையைப் பிடித்து மெதுவாகப் பாதி மடக்கி நிறுத்தட்டும். கண்ணை மூடியிருப்பவர் தன் வலது கையை அதே அளவுக்கு மடக்கிக் காட்ட வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்க்கலாம். நான்கைந்து தரம் வெவ்வேறு அளவில் மடக்கிப் பாருங்கள்.

காலையில் ஒரு முறையும், கைக்குக் கடுமையான வேலை செய்து முடித்த உடனே ஒரு முறையும் செய்து பாருங்கள். வித்தியாசம் தெரிகிறதா என்று கவனியுங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு போல இருக்கும், பாடமும் ஆகும். உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். களைத்திருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்க்க வேண்டாம்.

உடம்பு தரும் முன்னறிவிப்பு

விழுவதற்கு முன்பே உடம்பு சில அடையாளங்களைக் காட்டும்.

கால் விரல் படியிலோ கல்லிலோ அடிக்கடி இடிப்பது.

அடி மெதுவாகப் பதியாமல் தொப்பென்று விழுவது.

இல்லாத படியை இருப்பதாக நினைத்துக் காலை வைப்பது.

முழங்கால் நடுங்குவது.

கையில் பிடித்த பாத்திரம் நழுவுவது. சுவரிலோ கதவிலோ தோள் இடிப்பது.

இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால், "இன்னும் ஒரே நடைதானே, முடிச்சிட்டு உக்காரலாம்" என்று எண்ணாதீர்கள். உட்கார்ந்துவிட்டு அந்த நடையைப் போங்கள்.

யாருக்கு அதிகக் கவனம் வேண்டும்?

இரத்தசோகை உள்ளவர்கள்: இரத்தத்தில் சத்து குறைவாக இருந்தால் தசைக்குப் பிராணவாயு போதாது, சீக்கிரம் களைத்துவிடும். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு சுமார் 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரண்டு பெண்களில் ஒருவர்! மற்றவர் மாலையில் களைக்கும் அளவுக்கு இவர் மதியமே களைத்துவிடுவார்.

கருவுற்ற தாய்மார்கள்: வயிறு பெரிதாகும்போது உடம்பின் பாரம் முன்னுக்கு வருகிறது. மூட்டுகளின் தசைநார்களும் சற்றுத் தளர்கின்றன. காலடியை வயிறு மறைக்கிறது. இதோடு களைப்பும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். கடைசி மாதங்களில் தலைச்சுமை, ஏணி, வழுக்கும் படித்துறை வேண்டவே வேண்டாம்.

முதியவர்கள்: வயதாக ஆக இந்த உணர்வு இயல்பாகவே மங்குகிறது; கண்ணும் மங்குகிறது. கோவிலுக்கு நடந்து திரும்பும் பாட்டி வீட்டு வாசற்படியில் விழுவது இதனால்தான். முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவு சாதாரண விஷயம் அல்ல.

முன்பு கணுக்கால் சுளுக்கியவர்கள்: சுளுக்கிய மூட்டில் நிலை உணர்வு குறைந்திருக்கும். வலி போனாலும் அது முழுதாகத் திரும்பியிருக்காது. "அந்தக் காலே மறுபடி மறுபடி பிசகுது" என்பதன் காரணம் இதுதான்.

மது அருந்துபவர்கள்: உடம்பு வலிக்கு மருந்து என்று சொல்லிக் குடிப்பவர் உண்டு. களைப்பால் தடுமாறும் கணக்கை மது இன்னும் கெடுக்கும். வேலை முடிந்து குடித்துவிட்டு வரப்பில் நடப்பது, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவது உயிருக்கே உலை வைக்கும்.

என்ன செய்யலாம்?

களைப்பே இல்லாமல் பிழைக்க முடியாது. ஆனால் களைத்த நேரத்தில் எந்த வேலை, எந்த வழி என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

1. ஆபத்தான வேலையை முதலில் வையுங்கள். மரம் ஏறுவது, ஏணி, சாரம், வாய்க்காலைக் கடந்து சுமை தூக்குவது ஆகியவை காலையில் முடியட்டும். உட்கார்ந்தும், சமதரையில் நின்றும் செய்யும் வேலைகளைக் கடைசிக்கு விடுங்கள்.

2. கடைசி நடைக்கு முன் கால் மணி நேரம் உட்காருங்கள். காலை நீட்டி, தண்ணீரோ மோரோ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். இது சோம்பல் அல்ல. அடுத்த சில வாரக் கூலியைக் காப்பாற்றும் கால் மணி நேரம்.

3. சுமையைப் பிரியுங்கள். 15 லிட்டர் கொள்ளும் குடம் நிரம்பினால் 15 கிலோவுக்கு மேல். மாலையில் முக்கால் குடம் போதும். தலைச்சுமை இருக்கும்போது, வரப்பும் படியும் வந்தால் இன்னொருவர் முன்னே போய் வழி சொல்லட்டும்.

4. கண்ணுக்கு வேலை கொடுங்கள். இருட்டுமுன் கிளம்புங்கள். முடியாவிட்டால் டார்ச் விளக்கு அவசியம். வீட்டு வாசற்படி, கொல்லைப்புறம், கழிவறைக்குப் போகும் வழி ஆகிய மூன்று இடங்களிலும் வெளிச்சம் இருக்கட்டும். படி விளிம்பில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக் கோடு போட்டால் மங்கலிலும் தெரியும்.

5. தேய்ந்து வழவழப்பான ரப்பர் செருப்போடு ஈரத்தில் நடக்காதீர்கள்.

6. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதீர்கள். நீராகாரம், கேழ்வரகுக் கூழ், கடலை, பயறு, கீரை, முட்டை என்று வசதிக்கு ஏற்றபடி உண்ணுங்கள். வெயிலில் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்.

7. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் பரணில் போடாமல் சாப்பிடுங்கள். கருவுற்ற தாய்மார்கள் நான்காம் மாதத்திலிருந்து 180 நாட்களுக்குத் தவறாமல் சாப்பிட வேண்டும். மாத்திரையோடு டீ, காப்பி குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது.

8. பருவத்தின் முதல் சில நாட்களில் வேலையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். முதல் நாளே முழுச் சுமை வேண்டாம்.

9. தினமும் ஐந்து நிமிடப் பயிற்சி. சுவரை ஒரு கையால் தொட்டபடி ஒற்றைக் காலில் 20 வினாடி நில்லுங்கள். பிறகு மறு கால். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து தரம் எழுந்து உட்காருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பத்து தரம் உயர்த்தி இறக்குங்கள். தசைக்குப் பலம் கூடினால் களைப்பு தாமதமாக வரும். சமநிலைப் பயிற்சியால் மூட்டின் உணர்வும் தேறும். காலையில், உடம்பு தெளிவாக இருக்கும்போது செய்ய வேண்டும். முதியவர்கள் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யட்டும்.

இவற்றையெல்லாம் தனி ஒருத்தி செய்ய முடியாது. குடும்பம் சேர்ந்துதான் செய்ய முடியும். நாள் முழுக்க நாற்று நட்டு வந்தவளே இரவுத் தண்ணீரையும் சுமக்க வேண்டுமா? வீட்டில் திடமாக இருக்கும் கணவரோ, வளர்ந்த மகனோ அந்தக் கடைசிக் குடத்தைத் தூக்கினால் கௌரவம் குறைந்துவிடாது. அவள் ஒரு மாதம் கட்டிலில் கிடந்தால் எல்லாக் குடத்தையும் அவர்தானே தூக்க வேண்டும்!

விழுந்து சுளுக்கிவிட்டால்

அந்தக் காலை ஊன்றாமல் ஓய்வு கொடுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வையுங்கள். கிடைக்காவிட்டால் பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். மென்மையாகக் கட்டுப் போட்டு, காலைத் தலையணை மீது உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு நாட்கள் எண்ணெய் போட்டு உருவுவதும், இழுத்துச் சுளுக்கு எடுப்பதும், சூடு ஒத்தடமும் கூடாது. வீக்கம் அதிகமாகும், உள்ளே முறிவு இருந்தால் அது இன்னும் விலகிவிடும்.

நான்கு அடி கூட எடுத்து வைக்க முடியவில்லை, கணுக்கால் எலும்பை அழுத்தினால் கடுமையாக வலிக்கிறது, கால் கோணலாகத் தெரிகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கருவுற்றவர் விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கேள்வியும் பதிலும்

"நான் களைப்பா இல்லாதப்பவும் தள்ளாடுதே, நர்சம்மா?"

அப்படியானால் அது வெறும் களைப்பு அல்ல, அம்மா. ஓய்வில் இருக்கும்போதும் பாதம் மரத்துப் போகிறதா? பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறதா? முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளுகிறதா? இருட்டில் நடக்கவே முடியவில்லையா? நீரிழிவு நோயால் நரம்பு கெட்டிருக்கலாம். பி-12 என்ற வைட்டமின் குறைவாக இருக்கலாம். இரண்டையும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். தாமதிக்காமல் வந்து பாருங்கள்.

"என் வீட்டுக்காரருக்குத் திடீர்னு ஒரு பக்கம் கை கால் வரல, பேச்சும் குழறுது. வேலை அசதியா இருக்குமா?"

இல்லை. களைப்பு ஒரு பக்கமாக, திடீரென்று வராது. அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

"கால் தடுக்குறது அபசகுனம்னு எங்க ஆத்தா சொல்லுதே?"

அதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: கால் தடுக்கினால் சற்று உட்கார வேண்டும் என்று உடம்பு சொல்கிறது. பெரியவர்களும் தடுக்கினால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்றுதானே சொல்வார்கள்! அந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

"சுளுக்கு ஆறி மாசம் மூணாச்சு. மறுபடி நடவுக்குப் போகலாமா?"

வலி இல்லை என்பது மட்டும் போதாது. சுவரைத் தொடாமல் அந்தக் காலில் நிற்க முடிகிறதா, மறு காலைப் போலவே நிற்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பயிற்சியைத் தொடருங்கள். 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் இதுபற்றிக் கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்

களைத்த தசைக்குப் பலமும் குறையும், கணக்கும் தவறும்.

மாலை, மங்கல் வெளிச்சம், தலைச்சுமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஆபத்து.

ஏறுவதைவிட இறங்கும்போது எச்சரிக்கை அதிகம் வேண்டும்.

ஆபத்தான வேலை முதலில். கடைசி நடைக்கு முன் கால் மணி நேர ஓய்வு.

இரத்தசோகையைக் கவனியுங்கள்.

விழுந்தவரைத் திட்டாதீர்கள். அவருடைய அடுத்த நடையை யார் போவது என்று யோசியுங்கள்.

இதைப் படித்துவிட்டு, படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள்.